ஆட்டின் ஒன்பதில் ஒரு சூரியன்

"மெக்சிகோவைக் களவெடுத்தது நான்தானாம்!" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் உள்ளே வந்தாள். வணக்கம் சொல்லவில்லை. குடையையும் மடக்கவில்லை.

லூயிஷாம் சந்தையைப் பார்த்தபடி இருக்கும் இரண்டாம் மாடி அறை அது. வாசலில் 'நகுலேஸ்வரி, தனியார் விசாரணை' என்று பலகை. காப்புறுதிக் கம்பனிகளுக்காகப் பொய்த் தீவிபத்துகளையும், முன்கூட்டியே திட்டமிட்டு வழுக்கி விழுந்தவர்களையும் பல வருடம் விசாரித்துவிட்டு, நகுலேஸ்வரி தனியாகத் தொடங்கிய தொழில். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அந்தக் குறையை உதவியாளன் லெட்சுமணன் நிவர்த்தி செய்துவந்தான். கிள்ளானில் பிறந்து, லண்டனுக்குக் கணக்கியல் படிக்க வந்து, நல்ல சம்பளத்தில் சேர்ந்து, அதை உதறிவிட்டு இங்கே வந்தவன். வாரத்துக்கு ஒரு குற்றவாளியாவது பிடிபட வேண்டும் என்பது அவன் கொள்கை. குற்றம் நடந்ததா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"இருங்கோ பிள்ளை. குடை வெளியில சொட்டட்டும்" என்றார் நகுலேஸ்வரி.

வந்தவள் பெயர் சோச்சில். மெக்சிகோவில் வஹாக்கா அவள் ஊர். ஓவியர். கணவன் சுஜீத் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவளுடைய தமிழ் முழுவதும் மாமியார் வீட்டில் கற்றது. ஆகையால் பிழை விட்டாலும் யாழ்ப்பாணப் பிழையாகவே விட்டாள்.

"ரெண்டு வருசமா ஒரு காட்ஸ் கட்டு கீறினனான், அன்ரி. ஐம்பத்திரண்டு தாளிலயும் எங்கட நாடு. அட்டையிலேயே கையால கீறினது, உலகத்தில ஒரே ஒரு கட்டு. வாற சனிக்கிழமை விம்பிள்டன் தமிழ் மண்டபத்தில கண்காட்சி. இப்ப பாத்தால், பிரிண்டில் அன்ட் சன்ஸ் எண்டு ஒரு பரிசுச் சாமான் கம்பனி அதே படத்தை அச்சடிச்சு விக்குது. நான் தங்களைப் பாத்துக் கீறினதாம் எண்டு மண்டபத்துக்கு எழுதியும் போட்டினம்!"

"மண்டபம் என்ன சொல்லுது?"

"என்ர கண்காட்சியை நிப்பாட்டிப்போட்டுது. சுவர் வெறுமையா இருக்கக் கூடாதாம், அதில பிரிண்டில்காரன்ர காட்ஸைத் தொங்க விடப் போயினமாம். மெக்சிகோவின் பண்பாட்டைக் கொண்டாடுறதுக்கு!"

லெட்சுமணன் மேசையைத் தட்டினான். "அநியாயம்! நீங்க வரைஞ்சதைப் பார்த்த சாட்சி இருக்கா?"

"எத்தினை பேர் வேணும்? மாமா, மாமி, சுஜீத். குடும்பச் சாட்சி செல்லாதாம்."

அவள் பையிலிருந்து பிரிண்டில் கம்பனியின் கட்டை எடுத்து மேசையில் போட்டாள். பெட்டியில் 'ஃபியெஸ்டா' என்றிருந்தது. நகுலேஸ்வரி தாள்களை ஒவ்வொன்றாகப் பரப்பினார். இஸ்பேட் ராணி, வெள்ளைச் சரிகை முகத்தைச் சூழ நிற்கும் தெகுவாந்தெபெக் ஊர்ப் பெண். ஜாக், கிழவன் முகமூடி போட்டுக்கொண்டு ஆடும் பையன். ஏழில் ஏழு மண்கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நிறத்தில் மோலே குழம்பு. இதயச் சின்னம் போட்ட ஆட்டின் ஒன்பதில், இறந்தவர்களுக்குப் படைக்கும் மேசையில் ஒன்பது துலுக்கச் சாமந்திப் பூக்கள். ஒவ்வொரு பூவிலும் இதழ் எண்ணிப் பார்க்கலாம்போல இருந்தது.

"சூப்பரா இருக்கு" என்று வாய்விட்டவன், சோச்சிலின் முகத்தைப் பார்த்து, "அதாவது, உங்களோடது" என்று திருத்திக்கொண்டான் லெட்சுமணன்.

அடுத்து வந்தது கிளாவர் மூன்று. அதில் மூன்று மீசைகள். ஆள் இல்லை. மீசை மட்டும்.

"உதைப் பாருங்கோ!" சோச்சில் எழுந்தே விட்டாள். "என்ர மூண்டில மூண்டு அடுப்புக்கல்லு. எங்கட பக்கத்தில வீடு எண்டால் முதல் அந்த மூண்டு கல்லுத்தான். அதுக்கு மேலதான் ரொட்டிச் சட்டி, அதைச் சுத்தித்தான் சனம். அந்த இடத்தில மீசை! நாலில நாலு தொப்பி! அஞ்சில அஞ்சு கள்ளிச்செடி, அதுக்கும் தொப்பி!"

"ஆறுல?" என்று கேட்டான் லெட்சுமணன், ஆவலை அடக்க முடியாமல்.

"தொப்பி போட்ட மீசை."

நகுலேஸ்வரி தாள்களை இரண்டு குவியலாகப் பிரித்தார். "ஏழிலயிருந்து ஆஸ் வரைக்கும் எல்லாம் உம்மட படம். ரெண்டிலயிருந்து ஆறு வரைக்கும் ஒண்டுகூட உம்மடது இல்லை. சரியோ?"

"ஓம். ஒண்டுகூட இல்லை."

"அது தந்திரம் அக்கா. முழுசா திருடினா மாட்டிக்குவோம்னு கொஞ்சத்தை மாத்திட்டாங்க" என்றான் லெட்சுமணன்.

"மாட்டுப்படாமல் இருக்க மாத்துறவன் எல்லாரும் பாக்கிற ராணியை மாத்துவான், தம்பி. ஒருத்தரும் பாக்காத ரெண்டை ஏன் மாத்துறான்?"

லெட்சுமணன் கைபேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். திடீரென நிமிர்ந்தான். "அக்கா! மெக்சிகோவுல நாற்பது சீட்டுலதான் ஆடுவாங்களாம். கட்டிலிருந்து கொஞ்சத்தை எடுத்துடுவாங்களாம்!" அவன் பார்வை மெதுவாகக் கட்சிக்காரி பக்கம் திரும்பியது. கட்சிக்காரியையே குற்றவாளியாக்குவதில் அவனுக்குத் தயக்கம் இருந்ததில்லை.

"நாங்கள் எடுக்கிறது எட்டு, ஒன்பது, பத்து" என்றாள் சோச்சில். "ரெண்டு மூண்டில கை வைக்க மாட்டம். ஏன் என்னை இப்பிடிப் பாக்கிறீர்?"

நகுலேஸ்வரியின் உதட்டோரம் சற்றே அசைந்தது. "உம்மட கட்டு ஆர் ஆற்ற கையில இருந்தது?"

முதலில் சவுத்தாலில் அச்சகம் வைத்திருக்கும் தீபனிடம், என்ன அட்டை பொருந்தும் என்று பார்க்க. அது திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில். "காட்ஸ் எண்டால் விளையாட வேணும், அன்ரி. விளையாடாட்டி அது வெறும் படம். நான்தான் விளையாடுங்கோ எண்டு குடுத்தனான்." அன்று மாமாவோடு விளையாட வந்த சற்குணம், விம்பிள்டன் மண்டபத்தின் உபதலைவர். 'நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்' என்று பெட்டியை வாங்கிப் போனார். மண்டபத்தின் கண்காட்சிப் பொறுப்பாளர் லலிதாவிடம் அது போய்ச் சேர்ந்தது. அங்கேதான் இப்போதும் அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது.

நகுலேஸ்வரி ஆட்டின் ஒன்பதைக் கையில் எடுத்தார். பூக்களுக்கு மேலே வலது மூலையில் மங்கலான மஞ்சள் வட்டம் ஒன்று இருந்தது. பெட்டிக்குள் இருந்த துண்டுப் பிரசுரம் அதைப்பற்றிப் பெருமையடித்தது: 'ஆட்டின் ஒன்பதில் எங்கள் ஓவியர் ஒளித்து வைத்த ஆஸ்டெக் சூரியனைக் கண்டுபிடியுங்கள்!'

"உம்மட தாளிலயும் சூரியன் இருக்கோ?"

"நான் சூரியன் கீறவே இல்லை."

நகுலேஸ்வரி அந்தத் தாளை மட்டும் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் சவுத்தாலுக்குப் போகும் ரயிலில் லெட்சுமணன் வழக்கை முடித்துவிட்டான். "அச்சகக்காரன்தான் அக்கா. படம் கையில, மிஷின் பக்கத்துல. வேற என்ன வேணும்?"

அச்சகக்காரர் தீபன் தஞ்சாவூர்க்காரர். கேள்வி முடிவதற்குள் கொதித்தார். "நானா? அந்தப் பொண்ணு கட்டைக் கொடுத்தப்போ அம்பத்திரண்டும் இருக்கான்னு எண்ணித்தாங்க வாங்கினேன். திருப்பிக் கொடுக்கும்போதும் எண்ணிக் கொடுத்தேன். ரம்மி ஆடுற வீட்டுல பொறந்தவன் நான், சீட்டு குறைஞ்சா எனக்குச் சோறு இறங்காது. நான் திருடியிருந்தா அம்பத்திரண்டையும் திருடியிருப்பேன். மீசை எதுக்குங்க எனக்கு?"

"அப்போ தாள் எல்லாம் எப்பிடி இருந்தது? கறை, கிறை?" என்று கேட்டார் நகுலேஸ்வரி.

"புத்தம் புதுசு. தொடவே பயமா இருந்துச்சு."

வெளியே வந்ததும், "ரொம்பக் கோபப்படுறான். குற்றவாளிதான்" என்றான் லெட்சுமணன்.

"இந்த வழக்கில கோபப்படாத ஆள் நான் ஒருத்திதான், தம்பி. எங்கட உபதலைவர் சற்குணம் ரேடியோவில பேசினதைக் கேட்டனீரோ? 'மற்றவன்ர கலையைக் களவெடுக்கிற ஆக்களுக்கு எங்கட மண்டபத்தில இடமில்லை' எண்டு முழங்கினவர். கோபத்தை வைச்சுப் பிடிக்கிறதெண்டால் லண்டன்ல பாதிச் சனத்தைப் பிடிக்க வேண்டி வரும்."

அன்று மாலை சோச்சிலின் மாமனார் வீட்டுக்குப் போனார்கள். மாமனார் செல்வரத்தினம் தன் சொந்த ஓவியம் திருடுபோனதுபோல் கூடத்தில் உலாவிக்கொண்டிருந்தார். மாமியார் தவநாயகி ஒரு தட்டு நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தார்.

"சாப்பிடுங்கோ. ஆனால் கையைத் துடைச்சுப்போட்டு எதையும் தொடுங்கோ" என்ற தவநாயகி குரலைத் தாழ்த்தினார். "போன முறை நான் தட்டைக் காட்ஸுக்குப் பக்கத்தில வைச்சு, பிள்ளையின்ர ஒரு தாள் பழுதாப்போச்சு. பாவம், அவள் ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் நித்திரை கொள்ளேல்லை."

"எந்தத் தாள்?"

"எனக்குக் காட்ஸ் தெரியாது. பூப் போட்டது."

நகுலேஸ்வரி ரோல்ஸை நிதானமாக மென்றார். பிறகு செல்வரத்தினத்திடம் கேட்டார்: "அண்டைக்கு என்ன விளையாடினியள், அண்ணை?"

"என்ன கேள்வி? முந்நூற்றி நாலுதான். நான், சுஜீத், மருமகள், சற்குணம். மருமகள் ஜாக்கை அடிக்கிற அடியில மேசை துள்ளும். அவளுக்குக் குடுத்த சீதனமே இந்த விளையாட்டுத்தான்."

சுஜீத் அலுப்போடு சொன்னான்: "அதால எனக்குத்தான் அலைச்சல், அன்ரி. கட்டு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்த அண்டைக்கே லலிதா அக்கா எனக்குப் போன் எடுத்தவ. இருபது காட் குறையுதாம். பாத்தால் உந்த மேசை லாச்சிக்குள்ள கிடக்குது. அப்பா வழமை மாதிரி விளையாட முதலே எடுத்து வைச்சுப்போட்டார். ட்ராம் பிடிச்சு ஓடிப்போய் அண்டைக்கே குடுத்தனான்."

"சற்குணம் எப்ப கொண்டுபோய்க் குடுத்தவர்?"

"ஞாயிறு எடுத்துக்கொண்டு போனவர், வியாழக்கிழமைதான் குடுத்தவர். ஷிப்ட் எண்டு சொன்னவர்."

"அவர் வரேக்க அந்த இருபதும் லாச்சிக்குள்ளயோ?"

"அவர் வர முதலே அடுக்கி வைச்சிட்டன். வந்து குந்தினவுடன தாள் போட்டால்தான் மனுசனுக்குப் பொறுக்கும்" என்றார் செல்வரத்தினம்.

நகுலேஸ்வரி எழுந்தார். "வீட்டில சாதாரண காட்ஸ் கட்டு ஒண்டு இருந்தால் தாங்கோ. தம்பி, நாளைக்கு உமக்கு ஒரு வேலை இருக்கு."

சனிக்கிழமை காலை விம்பிள்டன் மண்டபத்தில் சுவரெங்கும் பெரிய பெரிய மீசைகள் தொங்கின. பிரிண்டில் கம்பனியின் இயக்குநர் ஹ்யூகோ வாசலில் நின்று எல்லோருக்கும் காகிதத் தொப்பி வழங்கிக்கொண்டிருந்தார். சோச்சிலுக்கும் ஒன்றை நீட்டினார். அவள் அதை வாங்கி, நான்காகக் கிழித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

நகுலேஸ்வரி சொன்னபடி லெட்சுமணன் ஒரு சீட்டுக்கட்டோடு மூன்று பேரைத் தனித்தனியாகப் பார்த்துவிட்டு வந்தான். நகுலேஸ்வரி வரச்சொல்லியிருந்த தீபனைப் படிக்கட்டில், லலிதாவை அலுவலகத்தில், சற்குணத்தைச் சமையலறையில். மூவரிடமும் ஒரே கேள்வி: 'இந்தக் கட்டு முழுசா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.' விடைகளை நகுலேஸ்வரியின் காதில் சொன்னான். ஏன் கேட்கச் சொன்னார் என்பது மட்டும் அவனுக்கு விளங்கவில்லை. அது வழக்கம்தான்.

பிறகு எல்லோரும் அலுவலக அறையில் கூடினார்கள். சற்குணம் கோட்டும் சூட்டுமாகத் தலைமை இருக்கையில் அமர்ந்தார். "எனக்கு மேடைக்குப் போக வேணும். கெதியாச் சொல்லுங்கோ. களவெடுத்த பிள்ளைக்கு வக்காலத்து வாங்க வந்தனீங்களோ?"

"களவெடுத்த ஆளைக் காட்ட வந்தனான்" என்றார் நகுலேஸ்வரி. "முதல், எது அசல் எண்டு பாப்பம். லலிதா, அலுமாரியில இருக்கிற கட்டில ஆட்டின் ஒன்பதைத் தாங்கோ."

லலிதா சிங்கப்பூர்க்காரர். பூட்டைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு தாளை எடுத்தார். நகுலேஸ்வரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வலது மூலையில் ஒரு வட்டம் ஒளிர்ந்தது. வெளிச்சம் அதை ஊடுருவி வந்தது. கைப்பையில் இருந்த பிரிண்டில் தாளை அதன் பக்கத்தில் பிடித்தார். அதே இடத்தில், அதே அளவில் மஞ்சள் வட்டம். வெளிச்சம் மட்டும் ஊடுருவவில்லை.

"அது எங்கள் ஆஸ்டெக் சூரியன்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார் ஹ்யூகோ.

"தவநாயகி அக்கா, ஒருக்கால் வாங்கோ."

தவநாயகி முன்னால் வந்து, அசல் தாளை முகர்ந்து பார்த்து, தலை குனிந்தார். "என்ர ரோல்ஸ்தான்."

"இதில இருக்கிறது எண்ணெய். அதில இருக்கிறது மை" என்றார் நகுலேஸ்வரி. "எண்ணெய் பட்ட தாளைப் படமெடுத்தால் கறையும் அச்சில வரும். அச்சடிச்ச சூரியனைப் பாத்து ஒருத்தரும் ரோல்ஸ் எண்ணெயால கீற மாட்டினம். மிஸ்டர் ஹ்யூகோ, உங்கட ஓவியர் ஒளிச்சு வைச்சது தவநாயகி அக்காவின்ர ஆட்டிறைச்சி."

லலிதா அதை ஆங்கிலத்தில் சொன்னதும், ஹ்யூகோ தன் கையிலிருந்த கிழிந்த தொப்பியைப் பார்த்தார். அதில் உதவி எதுவும் இல்லை.

"ஆக, கம்பனி சோச்சிலின்ர கட்டிலயிருந்துதான் எடுத்தது. அதுவும் அந்த ஞாயிறு விளையாட்டுக்குப் பிறகு. சவுத்தாலில இருக்கேக்க தாள் புத்தம் புதுசு, எண்ணெய் இல்லை. அதால தீபன் இல்லை."

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்றார் தீபன், லெட்சுமணனை முறைத்துக்கொண்டு.

"அடுத்தது மீசை. ஏழிலயிருந்து மேல எல்லாம் இவவின்ர படம், ஏழுக்குக் கீழ எல்லாம் குப்பை. ஏனெண்டால் களவெடுத்தவனிட்ட ஏழுக்குக் கீழ ஒண்டுமே இருக்கேல்லை. கம்பனிக்குக் கிடைச்சது முப்பத்திரண்டு தாள். கடையில விக்க ஐம்பத்திரண்டு வேணும். மிச்சம் இருபதையும் அவையளே நிரப்பினவை."

லெட்சுமணனின் வாய் திறந்தது. "அக்கா, முப்பத்திரண்டுல யாரு ஆடுவா?"

"முந்நூற்றி நாலு விளையாடுறவை. ரெண்டு மூண்டு நாலு அஞ்சு ஆறு எங்களுக்குத் தேவையில்லை. ஜாக்தான் பெரிசு, அதுக்கடுத்தது ஒன்பது, ஏழோட சரி. கட்டை வாங்கினவுடன சின்னத் தாள் எல்லாம் லாச்சிக்குள்ள போயிடும். செல்வரத்தினம் அண்ணையின்ர வீட்டில அதுதான் நடந்தது. ஆனால் அந்த லாச்சி அவையின்ர கைக்கெட்டின தூரத்தில. அந்த வீட்டு ஆள் களவாக் குடுத்திருந்தால் இருபதையும் சேர்த்தே குடுத்திருக்கும். லலிதா பெட்டி கிடைச்ச அண்டைக்கே குறையுது எண்டு போன் எடுத்து மிச்சத்தையும் வாங்கி வைச்சவ. களவெடுக்கிற எண்ணம் இருந்தால் ஐம்பத்திரண்டையும் குடுத்திருப்பா. வெறும் முப்பத்திரண்டு தாளோட, ஞாயிறிலயிருந்து வியாழன் வரைக்கும், அந்தப் பெட்டி ஒரே ஒரு ஆளிட்டத்தான் இருந்தது."

அறையிலிருந்த தலைகள் தலைமை இருக்கைப் பக்கம் திரும்பின.

"என்ன கதை இது!" சற்குணம் எழுந்தார். "நான் பெட்டியைத் திறக்கவே இல்லை! திறந்திருந்தால் இருபது குறையுது எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்காதோ?"

"தெரிஞ்சிருக்காது. அதைத்தான் இண்டைக்குச் சோதிச்சனான். தம்பி, சொல்லும்."

லெட்சுமணன் தொண்டையைச் செருமினான். "ரெண்டு முதல் ஆறு வரைக்கும் நீக்கின கட்டை மூணு பேருக்கும் காட்டினேன். தீபன் சார் விரிச்ச உடனே 'என்னங்க, பாதிக் கட்டைக் காணோம்'னார். லலிதா அக்கா, 'என்ன லா, மறுபடியும் இருபது இல்லையா'ன்னாங்க. சற்குணம் ஐயா கண்ணாடி போட்டு, ரெண்டு தரம் எண்ணி, 'ஓம், முழுக் கட்டு, முப்பத்திரண்டும் சரி'ன்னார்."

"சின்னப் பிழை" என்று முணுமுணுத்தார் சற்குணம்.

"சின்னப் பிழைதான் அண்ணை" என்றார் நகுலேஸ்வரி, அமைதி குலையாமல். "ஆனால் பெரிய பிழை வேற. அரைகுறைக் கட்டைக் குடுத்து ஒரு கம்பனியை ஏமாத்தினது."

சற்குணத்தின் முகம் சிவந்தது. மனிதரைத் திருடன் என்று சொல்லலாம், பொறுத்துக்கொள்வார். சீட்டில் ஏமாற்றியதாக ஒருவரும் இதுவரை சொன்னதில்லை. "ஆர் ஏமாத்தினது? ஒரு தாள் குறையாமல் முப்பத்திரண்டும் எண்ணித்தான் குடுத்தனான்!"

மேடையிலிருந்து யாரோ ஒலிவாங்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவையள்... சும்மா பாக்கத்தான் கேட்டவை" என்று உட்கார்ந்தார் சற்குணம். "என்னைப் பண்பாட்டு ஆலோசகர் எண்டு போடுறம் எண்டவை. முப்பது வருசமா உபதலைவர். ஒருத்தரும் ஒரு ஆலோசனை கேக்கேல்லை."

ஹ்யூகோ நாற்காலியை அவரிடமிருந்து சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். தாங்கள் ஓர் ஆலோசகரை நம்பி ஏமாந்துவிட்டதாகவும், ஃபியெஸ்டாவைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்று, உண்மையை எழுதி வெளியிடுவதாகவும் சொன்னார். எழுதியதை லலிதா அங்கேயே கையெழுத்தோடு வாங்கிக்கொண்டார்.

சோச்சில் சற்குணத்தின் முன்னால் வந்து நின்றாள். "மெக்சிகோ பற்றி உங்களுக்கு என்ன தெரியும், அங்கிள்?"

அவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்ர ரெண்டு வருசத்தைக் குடுத்ததைக்கூட விடுங்கோ. ரேடியோவில என்னைக் கள்ளி எண்டு சொல்லேக்க, என்ர மாமியின்ர ரோல்ஸ் உங்கட வயித்துக்குள்ளதானே இருந்தது?"

"இனி ஞாயிறு வராதை, சற்குணம்" என்றார் செல்வரத்தினம். நீதிமன்றம் எதுவும் அந்தத் தண்டனையைக் கொடுத்திருக்க முடியாது. சற்குணம் முதன்முறையாகக் கண்ணைத் துடைத்தார்.

மீசைகளை இறக்க அரைமணி நேரம் போதுமாயிருந்தது. ஐம்பத்திரண்டு தாள்களும் சுவரில் ஏறின. மூன்று அடுப்புக்கல்லுக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். "உது எங்கட அடுப்பெல்லோ" என்று யாரோ சொன்னார்கள். "எங்கட அடுப்பும்" என்று சோச்சில் திருத்தினாள்.

லலிதா ஆட்டின் ஒன்பதோடு தயங்கி நின்றார். "இதுல கறை இருக்கே. சுத்தம் பண்ற ஆளுங்க இருக்காங்க. அனுப்பட்டுமா?"

"ஓம், ஓம், அனுப்புங்கோ" என்றார் தவநாயகி அவசரமாக.

"தொடக் கூடாது" என்றாள் சோச்சில். தாளை வாங்கி, சுவரின் நடுவில் தானே மாட்டினாள். பிறகு குறிப்பு அட்டையில் ஓவியப் பொருள் எழுதும் இடத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்:

'ஒன்பது சாமந்தி. அட்டையில் நீர்வண்ணம்: சோச்சில். ஆட்டிறைச்சி ரோல்ஸ் எண்ணெய்: தவநாயகி.'